பழைய கிற்றாருக்குப் புது நிறம்

கேள்வி: பழைய எலெக்ட்ரிக் கிற்றார் ஒன்று மலிவாக வாங்கினேன், ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி. பெயின்ற் உரித்து நீல நிறம் அடிக்கலாமா? வொலியூம் திருகும்போது கரகரக்கிறது.
- வாசகர், கல்லடி

பதில்: அடிக்கலாம், ஆனால் முதலில் கழுத்து நேராக இருக்கிறதா, ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்) தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கழுத்து முறுகிப் போயிருந்தால் பெயின்றுக்குச் செலவழிப்பது வீண்.

மலிவுக் கிற்றார்களில் பெரும்பாலும் தடித்த பொலியெஸ்டர் பூச்சுத்தான், அதை மரம் தெரியும்வரை உரிப்பது பெரிய தலையிடி, தேவையும் இல்லை. பழைய பூச்சு உறுதியாக இருந்தால் 320 சான்ட் பேப்பரால் மினுமினுப்புப் போகத் தேய்த்து, அதன்மேலேயே பிரைமரும் நிறமும் அடியுங்கள். முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது. கழுத்தைக் கழற்றிவிட்டு, அது பொருந்தும் குழியை டேப்பால் மூடுங்கள். அங்கே பெயின்ற் ஏறினால் கழுத்து சரியாக உட்காராது.

அப்புறம் நம்ம ஊர்க் காற்று. ஒருபக்கம் வாவி, மறுபக்கம் கடல். ஈரக்காற்றில் லாக்கர் அடித்தால் வெள்ளைப் புகைபோலப் படியும். மாரி மழைக்குள் தொடங்காதீர்கள், நல்ல வெயில் காலத்தில் நிழலில் வைத்து மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். கடைசிப் பூச்சுக்குப் பிறகு சில வாரம் காயவிட்டுத்தான் 1000, 2000 பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் விரல் அடையாளம் நிற்கும்!

கரகரப்புக்குக் கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் திருகிப் பாருங்கள். போகாவிட்டால் பொட்டை, அதாவது வொலியூம் குமிழுக்குக் கீழே இருக்கும் மாறும் மின்தடையை, மாற்றுங்கள். சிங்கிள் கொயில் பிக்அப்புக்கு (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் ஒற்றைச் சுருள் பாகம்) வழக்கமாக 250 கிலோ ஓம் பொட்.