சூடானதும் நின்றுபோகும் ஆட்டோவை ஜெய்சல்மேர் வரை ஓட்டிச் சேர்ப்பது எப்படி?

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் பழைய டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் ஆட்டோவில் கொச்சியிலிருந்து ஜெய்சல்மேருக்குக் கிளம்பினோம். பெல்காம் வரை வந்தாச்சு. இரண்டு நாளாக, ஒரு மணி நேரம் ஓடினால் இழுவை குறைந்துகொண்டே வந்து வண்டி நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. வழியில் பார்த்த மெக்கானிக்குகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மீதி தூரத்தை ஓட்டியே முடிக்கலாமா, லாரியில் ஏற்றிவிடலாமா?

பதில்: லாரி இப்போதைக்கு வேண்டாம். ஆறியதும் ஓடுகிற இன்ஜினுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. 2006-இல் தொடங்கிய ரிக்‌ஷா ரன் என்ற ஆட்டோ சாகசப் பயணங்களில், கிளட்ச் எந்தக் கையில் என்றே தெரியாமல் வந்த வெளிநாட்டுக்காரர்கள் இதே மாதிரி 145 சிசி வண்டிகளை நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓட்டிச் சேர்த்திருக்கிறார்கள். உங்களாலும் முடியும்.

ஆனால் அடுத்த முறை வண்டி நின்றதும் டீக்கடையைத் தேடிப் போகாதீர்கள். என்ன கோளாறு என்று தெரிவது நின்ற முதல் இரண்டு நிமிடத்தில்தான். நீங்கள் டீ குடித்துவிட்டு வரும்போது வண்டி ஆறியிருக்கும், மெக்கானிக்கிடம் காட்ட எதுவும் மிஞ்சாது. அவர்கள் ஆளுக்கொன்று சொன்னதற்கும் அதுதான் காரணம். ஆறின வண்டியைப் பார்த்து யாரும் ஊகத்தில்தான் பேச முடியும்.

நின்றவுடன் முதல் வேலை, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறப்பது. புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, உடனே வண்டியும் ஸ்டார்ட் ஆனால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. குண்டூசியால் குத்திவிட்டால் போதும். சத்தம் இல்லையா, துணியைச் சுற்றிப் பிளக்கைக் கழற்றுங்கள். ரப்பர் கேப்பைப் பிடித்துக்கொண்டு, பிளக்கின் இரும்புப் பகுதி இன்ஜினின் வெற்று உலோகத்தில் படும்படி வைத்து ஸ்டார்ட்டரை இழுக்கச் சொல்லுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் தெறிக்கும் என்பதால் அதிலிருந்து தள்ளி வையுங்கள். நீலமாகப் பளிச்சென்று பொறி வந்தால் கரன்ட் சரி. மஞ்சளும் சிவப்புமாக மெலிந்து வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ, சூட்டில் மடங்கியது பொறிக்குக் கரன்ட் தரும் காயிலோ கன்டென்சரோதான். சிடிஐ என்ற மின்னணுப் பொறிப் பெட்டி போட்ட மாடல் என்றால் அதையும் சந்தேகப்படலாம். புது பிளக் மாட்டியும் அதே கதை என்றால்தான் அவற்றின் மேல் கையை வையுங்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கரன்ட் கோளாறாக எனக்குத் தோன்றவில்லை. கரன்ட் போனால் வண்டி சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும். உங்களுடையது மூச்சு வாங்கி, இழுவை குறைந்து நிற்கிறது. அது சூட்டின் வேலை. சூடு ஏன் ஏறுகிறது என்பதற்கு உங்கள் வண்டியில் ஒன்றுக்கு மேல் காரணம் இருக்கலாம் என்பது என் கணிப்பு.

முதலில் பின்பக்கம் போய்ப் பாருங்கள். இந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஃப்ளைவீலோடு சுழலும் விசிறி இழுக்கிற காற்றைத் தகர உறை ஒன்று சிலிண்டர் மேல் திருப்பிவிடும், குளிர்ச்சி அவ்வளவுதான். மூன்று பேரின் பைகளையும் இன்ஜின் பக்கம் திணித்து வைத்திருந்தால் காற்று வரும் வழி அடைந்துபோகும். பைகளைக் கூரைக்கு மாற்றுங்கள், ஆனால் கனமானவற்றைக் கால் பக்கம் வையுங்கள். கூரையில் பாரம் கூடினால் வளைவில் மூன்று சக்கர வண்டி கவிழப் பார்க்கும். அப்புறம் அந்தத் தகர உறை இருக்கிறதா என்று பாருங்கள். சாலையோர வேலையில் கழற்றிவிட்டு, மாட்ட சோம்பல்பட்டு விட்டுவிடுவது நடக்கிற காரியம். உறை இல்லாமல் விசிறி எவ்வளவு சுற்றினாலும் சிலிண்டருக்குப் பயனில்லை. சிலிண்டரின் இதழ்களுக்கு நடுவே ஆயிலும் தூசியும் சேர்ந்து கெட்டித்திருந்தால் பழைய டூத்பிரஷும் மண்ணெண்ணெயும் எடுத்து ஒரு மாலையைச் செலவிடுங்கள்.

அடுத்தது, கார்ப்ரேட்டரில் பெட்ரோலும் காற்றும் சேரும் கலவை. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் எரிவது சூடாக எரியும். இன்று பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் கார்ப்ரேட்டர் வெறும் பெட்ரோலுக்காக அமைத்தது. எத்தனால் கலந்ததும் கலவை தானாகவே மெலிந்துவிடும். இதற்குச் சாலையிலேயே ஒரு சோதனை உண்டு. வண்டி சூடாகி இழுவை குறைய ஆரம்பிக்கும்போது காற்றைக் குறைக்கும் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். இழுவை திரும்பி வந்தால் கலவை மெலிந்ததுதான் விஷயம். பிளக்கும் அதையே சொல்லும். முனை காபிப் பொடி நிறத்தில் இருந்தால் நல்லது, ஈரக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்து வெள்ளையாக இருந்தால் ஆபத்து. வெள்ளை என்றால், கார்ப்ரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரியதாகப் போடச் சொல்லுங்கள். சின்ன பித்தளைத் துண்டு, அதிக விலையும் இல்லை. கார்ப்ரேட்டர் அடியில் காஸ்கெட் கிழிந்து காற்று உள்ளே போனாலும் இதே அறிகுறி வரும் என்பதால் ஜெட்டை மாற்றும்போதே அதையும் பார்த்துவிடட்டும்.

ஆயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள். லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் என்பது 2 சதவீதம், ஊருக்குள் சவாரி ஓட்டப் போதும். மூன்று பேர், மூட்டை, வெயில், ஏற்றம் என்று போகிறவர்களை நான் 30 மில்லி ஊற்றச் சொல்வேன். புகை கூடும், பிளக் சீக்கிரம் அழுக்காகும், போகட்டும். டேங்கில் முதலில் ஆயில், அதன் மேல் பெட்ரோல், அப்போதுதான் நன்றாகக் கலக்கும். பங்க் பையன் ‘அப்புறம் ஊத்திக்கலாம் சார்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் சைலன்சர். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் சேர்ந்து எரிவதால் உள்ளே கரி படிந்து வழி குறுகும். புகை வெளியே போக முடியாவிட்டால் புதுக் கலவை உள்ளே வர முடியாது. சைலன்சரைக் கழற்றி, சிலிண்டரின் புகை வாயிலையும் சேர்த்துச் சுரண்டச் சொல்லுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துவிட்டுச் சுரண்டினால் கீறல் விழாது.

இப்போது பாதை. பெல்காமிலிருந்து கோலாப்பூர், சாத்தாரா வழியாக நெடுஞ்சாலை 48-இல் புனே. சாத்தாராவுக்கும் புனேவுக்கும் நடுவே கம்பாட்கி மலை வரும். ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் பயப்படுவார்கள், நான் பயப்படுவது இறக்கத்துக்கு. இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் பம்ப் இல்லை, பெட்ரோலோடு வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கு. நீங்கள் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு, கியரில் வேகமாக இறங்கினால் இன்ஜின் பலமாகச் சுற்றும், ஆனால் உள்ளே ஆயில் வராது. பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்து சீஸ் ஆவது அப்படித்தான். அதற்காக நியூட்ரலில் இறங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். டிரம் பிரேக் மட்டும் மூன்று பேரையும் தாங்காது. இரண்டாவது கியரில் மெதுவாக இறங்குங்கள், சில நொடிக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை லேசாக முறுக்குங்கள். சக்கரத்தில் எரிந்த வாசனை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

புனேயில் ஒரு முழு நாள் தங்குங்கள். ஆட்டோ தயாரிக்கும் பஜாஜின் தலைமையிடம் அங்கே ஆகுர்டியில் இருக்கிறது. பழைய வண்டிக்கும் பாகம் கிடைக்கவும், அதைத் தொட்டுப் பழகிய கைகள் கிடைக்கவும் இந்தப் பாதையில் அதைவிடத் தோதான ஊர் எனக்குத் தோன்றவில்லை. கிளட்ச், ஆக்சிலேட்டர், கியர் கேபிள்கள் ஒவ்வொன்று, பிளக் நான்கு, டியூப் இரண்டு, காயில் ஒன்று, பெட்ரோல் ஓஸ் ஒரு மீட்டர், இவ்வளவும் வாங்கிவிடுங்கள். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் ஓஸைச் சும்மாவே மாற்றலாம்.

புனேயைத் தாண்டி மும்பைப் பக்கம் போகவே போகாதீர்கள். மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயில் மூன்று சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை, நகரத்துக்குள் நெரிசலில் நின்று நின்று போவது உங்கள் இன்ஜினுக்குத் தண்டனை. நாசிக், சாபுத்தாரா வழியாகக் குஜராத்துக்குள் இறங்குங்கள். வதோதராவிலிருந்து அகமதாபாத்துக்கும் எக்ஸ்பிரஸ்வே உங்களுக்கு மூடிய வழிதான், ஆனந்த், நடியாத் வழியாகப் பழைய சாலை இருக்கிறது. சுங்கச்சாவடியைக் கண்டு பதறவேண்டாம், தேசிய நெடுஞ்சாலையில் பொதுவாக ஆட்டோவுக்குக் கட்டணம் இல்லை. ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் கையெட்டும் இடத்தில் வையுங்கள். மஞ்சள் நம்பர் பிளேட் என்றால் உங்கள் பெர்மிட்டின் எல்லை என்ன என்று ஆர்டிஓ விவரம் தெரிந்தவரிடம் போனில் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

பாலன்பூர் தாண்டியதும் தூசி. மணல் உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் தேயும் என்பதால் ஏர் ஃபில்டரைத் தினமும் சாயங்காலம் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஜோத்பூருக்கு அப்பால் பங்குகள் தள்ளித் தள்ளி வரும், ஆயில் கலந்த பெட்ரோலை ஐந்து லிட்டர் இரும்புக் கேனில் வைத்துக்கொள்ளுங்கள். விடியலில் கிளம்பி பதினொன்றுக்குள் பாதி தூரத்தை முடித்துவிடுவது, வெயில் தாழ்ந்ததும் மீதி, இருட்டும் முன் நிறுத்தம். வேகம் நாற்பதைத் தாண்டவேண்டாம். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை, வண்டி கேட்காவிட்டாலும், பத்து நிமிடம் நிறுத்துங்கள். இரவில் அந்தச் சாலைகளில் மாடும் ஒட்டகமும் நிற்கும். உங்கள் ஹெட்லைட் அவற்றை உங்களுக்குக் காட்டாது, உங்களை லாரிக்காரருக்கும் காட்டாது. பின்பக்கம் முழுக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

லாரியில் ஏற்றிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஐடிலிங்கில் இல்லாமல், பாரத்தில் முறுக்கும்போது மட்டும் அடியிலிருந்து டொக் டொக் என்று கனமான சத்தம் வந்தால் அது கனெக்டிங் ராட் பேரிங். அன்றைக்கே நிறுத்துங்கள். இன்னும் நூறு கிலோமீட்டர் பார்க்கலாம் என்று ஓட்டினால் ராட் உடைந்து கிரேங்க் கேஸையும் ஓட்டை போடும். ஓடிக்கொண்டிருக்கையில் கிறீச்சென்று இறுகி நின்று, ஆறியதும் ஓடுகிறது என்றால் பிஸ்டன் லேசாக சீஸ் பிடித்திருக்கிறது. அதற்கு லாரி வேண்டாம், லேத் பட்டறை போதும். சிலிண்டரைக் கடைந்து (போர் செய்து) சற்றுப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் ஓரிரு நாளில் வண்டி தயார். அப்புறம் முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 40 மில்லி ஆயில் ஊற்றி, முப்பத்தைந்துக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள்.