தலைவருக்கு யார் சான்றிதழ் கொடுப்பது?

அன்புள்ள ஐயா,

பேருந்து ஓட்டுநருக்குக் கண் பார்க்கிறார்கள். கண் சரியில்லை என்றால் உரிமம் இல்லை. ஒரு நாட்டையே ஓட்டுகிறவருக்கு மட்டும் எந்தச் சோதனையும் கிடையாது. என் அப்பாவுக்குக் கடைசி நான்கு வருடங்கள் நினைவு தப்பியிருந்தது. தனக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் கடைசிவரை சொன்னார். அப்படிப்பட்ட ஒருவர் கையில் ராணுவமும் கஜானாவும் இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஒரு மருத்துவர் குழு ஆண்டுதோறும் சோதிக்கட்டும். சான்றிதழ் தர மறுத்தால் அன்றே பதவி போகட்டும். இதைக் கேட்டு எங்கள் எம்.பி.க்கு ஒரு மனு எழுதலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் சொல்லும் வழி எனக்கு அதைவிடப் பயமாக இருக்கிறது. ஏறக்குறைய அதே வழியை ஒரு நாடு பார்த்துவிட்டது. வட ஆப்பிரிக்காவின் துனிசியா, 1987.

ஹபீப் புர்கிபா சாதாரண ஆள் இல்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நாட்டை மீட்டவர்களில் முதன்மையானவர். 1956இலேயே பலதார மணத்தைத் தடை செய்தவர். 1957இல் ஜனாதிபதியானார், 1975இல் வாழ்நாள் ஜனாதிபதி என்று அறிவிக்கப்பட்டார். எண்பதைத் தாண்டியபின் நிதானம் போய்விட்டது. இன்று நியமித்தவரை நாளை நீக்குவார். 1987 அக்டோபர் 2ஆம் தேதி பென் அலியைப் பிரதமராக்கினார். ஐந்தே வாரம். நவம்பர் 6ஆம் தேதி இரவு ஏழு மருத்துவர்களிடம் ஓர் அறிக்கையில் கையெழுத்து வாங்கப்பட்டது: ஜனாதிபதியால் இனி கடமையாற்ற முடியாது. அன்றிரவு யாரும் போய் அவரைச் சோதிக்கவில்லை. விடிந்ததும் வானொலியில் அறிவிப்பு வந்தது: அரசியலமைப்பின் 57ஆம் பிரிவின்படி பென் அலி பொறுப்பேற்கிறார்.

புர்கிபா தளர்ந்திருந்தது பொய் இல்லை. ஊர் அறிந்த விஷயம். ஒரு துளி ரத்தம் இல்லாமல் மாற்றம் நடந்ததே என்று மக்களில் பலர் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். ஆக, அந்த அறிக்கை சொன்னதில் பெரிய தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். என் கேள்வி வேறு. அந்த மருத்துவர்களை அழைத்தது யார்? அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர். உங்கள் ஓட்டுநருக்குக் கண் பார்க்கிறவர் அந்த ஓட்டுநர் வேலைக்குப் போட்டியாளர் இல்லை. அங்கேதான் உங்கள் உதாரணம் கழன்றுகொள்கிறது.

பதில் சொல்லவோ முறையிடவோ புர்கிபாவுக்கு இடமே இருக்கவில்லை. சொந்த ஊரான மொனாஸ்திரில் காவலுக்குள் வைக்கப்பட்டு, 2000இல் இறந்தார். ‘இனி வாழ்நாள் பதவி என்பதே இல்லை’ என்று சொல்லி வந்த பென் அலி 23 ஆண்டுகள் இருந்தார். 2011இல் மக்கள் எழுச்சிக்கு அஞ்சி அவர் நாட்டைவிட்டு ஓடியபோது, பதவி காலியானதாக அறிவிக்கப்பட்டதும் அதே 57ஆம் பிரிவின் கீழ்தான்.

இது துனிசியாவின் தனிக்கதையும் இல்லை. 1886இல் ஜெர்மனியின் பவேரியா அரசர் இரண்டாம் லுட்விக் ஆளத் தகுதியற்றவர் என்று நான்கு மனநல மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அரண்மனைப் பணியாளர்கள் சொன்னதை எல்லாம் சேகரித்து எழுதிய அறிக்கை அது. அரசரை நேரில் சோதிக்கவில்லை. ஜூன் 13ஆம் தேதி மாலை, அரசரும் அறிக்கையில் முதல் கையெழுத்திட்ட மருத்துவர் குடெனும் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் பிணமாகக் கிடந்தார்கள். என்ன நடந்தது என்று இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

மருத்துவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. அவர்களும் ஓட்டுப் போடுகிற மனிதர்கள்தான் என்கிறேன். 1964இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டு, அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கோல்ட்வாட்டர் ஜனாதிபதியாகும் மனநிலை கொண்டவரா என்று கேட்டது. 1,189 பேர் ‘இல்லை’ என்று பதில் எழுதினார்கள். கோல்ட்வாட்டர் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார். தான் சோதிக்காத ஒருவரின் மனநிலை பற்றிப் பொதுவெளியில் கருத்துச் சொல்வது முறையல்ல என்று 1973இல் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கமே விதி வைத்தது.

சரி, அப்படியானால் தலைவரை அப்படியே விட்டுவிடுவதா? அதுவும் கூடாது. அதற்கு அமெரிக்க ஜனாதிபதி வில்சன் கதை போதும்.

1919 செப்டம்பர். முதல் உலகப் போருக்குப் பின் உருவான நாடுகளின் அமைப்பான சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேர வேண்டும் என்று வுட்ரோ வில்சன் ரயிலில் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். கொலராடோவில் உடல்நிலை மோசமாகிப் பயணத்தை முறித்துக்கொண்டு திரும்பினார். அக்டோபர் 2ஆம் தேதி பக்கவாதம். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. சொந்த மருத்துவர் கிரேசன் களைப்பு, நரம்புத் தளர்ச்சி என்ற அளவில் வெளியே சொன்னார். மனைவி எடித் வாசலை அடைத்துக்கொண்டார். கோப்புகள் அவரிடம் போகும், எது உள்ளே போக வேண்டும் என்று அவர் முடிவு செய்வார். பிரிட்டன் அனுப்பிய தூதர் கிரே பிரபு மாதக்கணக்கில் காத்திருந்து, ஜனாதிபதியைப் பார்க்காமலே ஊர் திரும்பினார்.

டிசம்பரில் இரண்டு செனட்டர்கள் நேரில் பார்த்தே தீர்வோம் என்று வந்தார்கள். படுக்கையைத் தயார் செய்தார்கள். செயலிழந்த இடது கையைப் போர்வை மூடியிருந்தது. எடித் காகிதமும் பென்சிலுமாக உடன் நின்றார். வில்சன் தெளிவாகவே பேசினார். வந்தவர்கள் ‘நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று வெளியே போய்ச் சொன்னார்கள். அந்தக் காட்சியை எங்கே படித்தாலும் எனக்கு மனம் கனத்துப்போகும். அங்கே மோசடி இருந்தது, அதோடு ஒரு மனைவியின் அன்பும் இருந்தது.

அந்தச் சமயத்தில் சரியான கேள்வியைக் கேட்டவர் வெளியுறவு அமைச்சர் லேன்சிங். பக்கவாதம் வந்த மறுநாளே அரசியலமைப்புச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், துணை ஜனாதிபதி பொறுப்பேற்க வேண்டாமா என்று கேட்டார். வில்சனின் தனிச் செயலாளர் டுமல்டி பொங்கிவிட்டார். அந்தத் துரோகத்துக்கு நான் உடன்படமாட்டேன் என்றார். துணை ஜனாதிபதி மார்ஷலும் முன்வரவில்லை. பதவியைப் பறித்தவன் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற அச்சம். தனக்குத் தெரியாமல் அமைச்சரவையைக் கூட்டினார் என்ற காரணத்துக்காக 1920 பிப்ரவரியில் வில்சன் லேன்சிங்கை வெளியேற்றினார். தன் நோயின் அளவு வில்சனுக்கே புரியவில்லை. மூன்றாம் முறை போட்டியிடலாம் என்றுகூட நினைத்தார். உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இவர் நினைவுதான் வந்தது. 1921 மார்ச்சில் பதவிக்காலம் முடியும்வரை அப்படியே ஓடியது; அமெரிக்கா அந்தச் சங்கத்தில் சேரவே இல்லை.

அப்புறம் 1967இல்தான் அங்கே 25ஆவது திருத்தம் வந்தது. அதன் நான்காம் பகுதியில் மருத்துவர் என்று ஒரு சொல்கூட இல்லை, நோயின் பெயரும் இல்லை. துணை ஜனாதிபதியும் அமைச்சரவையில் பெரும்பான்மையும் எழுத்தில் கொடுத்தால் பொறுப்பு கைமாறும். ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று ஜனாதிபதி திருப்பி எழுதலாம். அவர்கள் நான்கு நாளைக்குள் மறுபடி மறுத்தால் விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போகும். 21 நாளுக்குள் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழாவிட்டால் அதிகாரம் அவருக்கே திரும்பும். இந்த நான்காம் பகுதி இதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை. அமைச்சர்கள் எல்லாம் ஜனாதிபதி நியமித்தவர்கள் என்பதால் வில்சன் போன்ற ஒருவருக்கு எதிராக இது வேலை செய்யுமா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனாலும் திரும்பி வர ஒரு வழி வைத்தார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். திரும்பும் வழி இல்லாத இடத்தில் எந்தத் தலைவரும் நோயை ஒப்புக்கொள்ளமாட்டார், சுற்றியிருப்பவர்களும் ஒப்புக்கொள்ள விடமாட்டார்கள்.

வழி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நார்வே இருக்கிறது. 1998இல் அந்நாட்டுப் பிரதமர் பொண்டெவிக் தனக்கு மனச்சோர்வு என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டு மூன்று வாரங்களுக்கு மேல் விடுப்பில் போனார். சக அமைச்சர் ஒருவர் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். குணமாகித் திரும்பினார். 2001 தேர்தலுக்குப் பின் மறுபடியும் பிரதமரானார். மனநோய் வேறு, ஆளத் தகுதியின்மை வேறு என்று இதைவிட நன்றாக யாரும் காட்டியதில்லை. உங்கள் திட்டப்படி என்றால் அவருக்கு அன்றே சான்றிதழ் மறுக்கப்பட்டிருக்கும்.

நம் நாட்டில்? குடியரசுத் தலைவர் நோயுற்றால் துணைத் தலைவர் பணியைப் பார்ப்பார் என்கிறது 65ஆம் பிரிவு. 1961இல் ராஜேந்திர பிரசாத் நோயுற்றபோது ராதாகிருஷ்ணன் பார்த்தார். ஆனால் நோயுற்றவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் யார் முடிவு செய்வது என்று அந்தப் பிரிவு சொல்வதில்லை. பிரதமர் விஷயத்தில் நோய் என்ற பேச்சே அரசியலமைப்பில் இல்லை; கட்சியும் மக்களவையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான். பிரிட்டனிலும் அதே நம்பிக்கைதான் இருந்தது. 1953இல் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்ததை அவர் ஆட்களும் பத்திரிகை முதலாளிகளும் சேர்ந்து நாட்டுக்கே மறைத்தார்கள்.

அதனால் மனு எழுதுங்கள், நிறுத்தாதீர்கள். மருத்துவர் குழுவும் இருக்கட்டும். ஆனால் அதைப் பிரதமரும் நியமிக்கக் கூடாது, அவர் இடத்துக்கு வரக்கூடியவரும் நியமிக்கக் கூடாது. நேரில் சோதிக்காமல் அறிக்கை கூடாது. அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகட்டும், முடிவு அங்கே பெயர் சொல்லி ஓட்டுப்போட்டு நடக்கட்டும். ஓட்டுக்கு முன் பிரதமர் எழுந்து பேச, முடியாவிட்டால் அவர் சார்பில் ஒருவர் பேச, நேரம் வேண்டும். ‘அன்றே பதவி போகட்டும்’ என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். திருத்தி எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.