ஒரே காலுறை இருவருக்கும் பொருந்துமா?

கேள்வி: வைத்தியர் ஐயா, என் கணவருக்கு 64 வயது, கனகாலமாகச் சலரோகம். சுன்னாகம் சந்தைக்கு நடந்து போனால் பாதி வழியில் வலது கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதாம். கொஞ்சம் நின்றால் விட்டுவிடுகிறது. எனக்கோ இரண்டு காலிலும் நரம்பு புடைத்து, பின்னேரமானால் வீக்கம். கனடாவில் இருக்கும் மகள் இருவருக்கும் இறுக்கமான காலுறை அனுப்பியிருக்கிறாள். எனக்குச் சுகமாக இருக்கிறது. இவர் கால் விறைக்கிறது என்று கழற்றி எறிகிறார். என்ன செய்ய? - வாசகி, சுன்னாகம்

பதில்: அம்மா, அவர் கழற்றி எறிந்ததே சரி. திரும்பப் போடச் சொல்லிக் கரைச்சல் கொடுக்க வேண்டாம்.

உங்களுடையது நாளத்தின் கோளாறு. காலுக்கு இறங்கிய இரத்தத்தை மேலே ஏற்றும் நாளங்களில் வால்வுகள் பழுதானால் இரத்தம் கீழே தேங்கும். காலைத் தூக்கி வைத்தால் சுகம். இறுக்கமான காலுறையும் உதவும். காலையில் கட்டிலை விட்டு இறங்கமுன் போட்டு, இரவில் கழற்றுங்கள்.

அவருக்கு இரத்தம் இறங்கி வருவதே குறைவு போலிருக்கிறது. நடக்கும்போது தசை கூடுதலாக இரத்தம் கேட்கும், ஒடுங்கிய நாடியால் (இரத்தத்தைக் காலுக்குக் கொண்டுவரும் குழாய்) கொடுக்க முடியாது; நின்றதும் வலி போய்விடும். (முள்ளந்தண்டுக் கோளாறென்றால் சும்மா நின்றால் போகாது, இருந்தால் அல்லது குனிந்தால்தான் போகும்.) அந்தக் காலை இன்னும் இறுக்கினால் புண் வரலாம், விரல் கறுத்தும் போகலாம்.

கிளினிக்கில் கையிலும் கணுக்காலிலும் பிரஷர் அளந்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் பிரிக்க 0.9 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் நாடியில் அடைப்பு. ஆனால் சலரோகக்காரருக்கு நாடிச் சுவர் கல்லாகி, அளவு நல்லதுபோலப் பொய் சொல்லும். அதனால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கானும் தேவையா என்று கேளுங்கள். போகும்போது நீங்களும் அளந்துகொள்ளுங்கள்; உங்கள் நாடியும் ஒடுங்கியிருந்தால் அந்தக் காலுறை உங்களுக்கும் கூடாது.

நீங்கள் எழுதாத ஒன்று: ஐயா சுருட்டுப் பிடிப்பாரா? சிகரெட்தான் கூடாது, சுருட்டு பரவாயில்லை என்று என்னோடு வாதாடாத தோட்டக்காரர் குறைவு. நாடிக்கு இரண்டும் ஒன்றுதான். அதை விடாமல் கொலஸ்ட்ரோல் குளிசையும் அஸ்பிரினும் மட்டும் போட்டால் முழுப் பலன் கிடைக்காது.

வலிக்கிறதென்று வீட்டில் இருத்திவிடாதீர்கள். முதலில் காலைக் காட்டிவிட்டு, புண் ஒன்றும் இல்லையென்றால் நடக்கவிடுங்கள். வலி வரும்வரை நடக்கட்டும், நிற்கட்டும், திரும்ப நடக்கட்டும். அரை மணிநேரம், வாரத்தில் மூன்று நாளாவது. மூன்று மாதத்தில் பலருக்கு நடக்கும் தூரம் கூடும்.

அப்புறம் நல்லூர்த் திருவிழா. 25 நாளும் வெறுங்காலோடு போகிறவர்களைத் தடுக்க என்னால் முடியாது, முயல்வதுமில்லை. சலரோகத்தில் மரத்துப்போன பாதத்துக்குச் சுடுமணல் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். இரத்தம் வராத காலில் அது ஆறவும் மாட்டாது. வெய்யில் ஏறமுன் கும்பிட்டுவிட்டு வரட்டும். வந்ததும் உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாம் நீங்கள் பாருங்கள்; அவர் பார்த்ததாகச் சொன்னால் நம்பவேண்டாம்.

இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டால்தான் சுகம் என்றாலோ, விரலில் புண் வந்தாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள். கால் திடீரென்று குளிர்ந்து, வெளிறி, உணர்வு போனால் உடனே வைத்தியசாலைக்கு. சில மணிநேரத்தில் கால் பறிபோகலாம். உங்களுக்கு ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி நொந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். மூச்சும் வாங்கினால் அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள்.