நம்ம கம்ப்யூட்டரில் ஓடுது, கிரானில் ஓடலையா? ஆர் பேக்கேஜ் கேள்வி–பதில்

ஆர் மொழியில் பேக்கேஜ் எழுதி கிரானுக்கு (ஆர் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியம்) அனுப்பும் கொங்கு வட்டார வாசகர்கள் கேட்டவை இவை. பதில்களுக்குப் போகுமுன் ஒன்று. செக்கை (பேக்கேஜை ஆர் சரிபார்க்கும் சோதனை) ஃபோல்டர் மேலேயே ஓட்டாதீர்கள். 'ஆர் சிஎம்டி பில்ட்' ஓட்டி டார் ஃபைலை உருவாக்கி, அதன் மேல் 'ஆர் சிஎம்டி செக் --ஆஸ்-கிரான்' ஓட்டுங்கள். ஃபோல்டரில் ஓட்டினால் ஆர்பில்ட்இக்னோர் ஃபைலில் விலக்கச் சொன்னவை விலகாது. கிட் ஃபோல்டர், பழைய ஆப்ஜெக்ட் ஃபைல் என்று தேவையில்லாத நோட்டெல்லாம் வந்து நிற்கும். ஆர்-டெவல் (இன்னும் வளர்ச்சியில் இருக்கும்) பதிப்பிலும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். லேப்டாப்பில் அது இல்லையென்றால் வின்-பில்டர் என்ற இணையச் சேவையில் ஏற்றினால் போதும், முடிவு மெயிலில் வரும்.

ஈரோடு மஞ்சள் ஏல விலையை வெச்சு ஒரு பேக்கேஜ் பண்றனுங்க. ரகத்தோட பேரைத் தமிழ்லயே விரலி, கிழங்குன்னு போட்டிருக்கேன். ஆஸ்கி இல்லாத எழுத்து இருக்குதுன்னு வார்னிங் வருது. தமிழே போடக் கூடாதுங்களா?
— புள்ளியியல் மாணவி, ஈரோடு

தாராளமாகப் போடலாம். ஆனால் கோடு, டேட்டா, உதவிப் பக்கம் மூன்றுக்கும் விதி வேறு வேறு.

கோடில் கமென்ட்டுக்குள் தமிழ் இருந்தால் செக் கண்டுகொள்ளாது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் சரத்தில் இருந்தால்தான் வார்னிங். அங்கே எழுத்தை நேராக எழுதாமல், பின்சாய்வுக் கோடும் யூ எழுத்தும் போட்டு யூனிகோட் எண்ணாகத் தர வேண்டும். கையால் மாற்ற வேண்டியதில்லை. ஸ்ட்ரிங்கி பேக்கேஜில் உள்ள ஸ்ட்ரி_எஸ்கேப்_யூனிகோட் மாற்றித் தரும். எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, டூல்ஸ் பேக்கேஜில் ஷோநான்ஆஸ்கிஃபைல் இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. 'விரலி' நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியெண் (வ, இகரக் குறி, ர, ல, இகரக் குறி). என்-கார் ஃபங்ஷன் 5 என்றுதான் சொல்லும். அந்த எண்ணை நம்பி அட்டவணையின் பத்தி அகலத்தைக் கணக்கிட்டால் வரிசை கோணிக்கொள்ளும்.

டேட்டாவில் தமிழ் இருந்தால், யூடிஎஃப்-8 என்று குறியிட்ட சரங்கள் இத்தனை என ஒரு நோட் வரும். அதைத் திருத்த வேண்டாம், அனுப்பும்போது ஒரு வரி விளக்கம் எழுதினால் சரி. என்கோடிங் குறியில்லாமல் தமிழ் உள்ளே போயிருந்தால் அது வார்னிங். சிஎஸ்வி ஃபைலைப் படிக்கும்போதே யூடிஎஃப்-8 என்று சொல்லிப் படித்து, மறுபடி சேமியுங்கள். பத்தித் தலைப்புகளை மட்டும் ஆங்கில எழுத்திலேயே விட்டுவிடுவது நல்லது. தமிழ் மதிப்புகளில் இருக்கட்டும்.

உதவிப் பக்கம்தான் உண்மையான தலைவலி. பிடிஎஃப் கையேடு லேடெக் வழியாக உருவாகிறது. தமிழ் எழுத்து தனக்கு அமைக்கப்படவில்லை என்று அது நின்றுவிடும், வார்னிங் விழும். உதவிப் பக்கத்தின் மூலமான ஆர்டி ஃபைலில் இஃப்எல்ஸ் மேக்ரோ போட்டு, எச்டிஎம்எல் என்றால் தமிழ், மற்றதற்கு ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு என்று பிரித்துவிடுங்கள். பேக்கேஜ் விவரம் உள்ள டெஸ்க்ரிப்ஷன் ஃபைலில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்ற வரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சி++ கோடுல ஒரு வரி கூட மாத்தலைங்க. முன்னாடி சுத்தமா இருந்த பேக்கேஜ் இப்ப எர்ரரும் வார்னிங்குமாக் கொட்டுது.
— மென்பொருள் பணியாளர், கோவை

நீங்கள் மாற்றாவிட்டாலும் ஆரும் கம்பைலரும் மாறிவிட்டன. 2025 ஏப்ரலில் வந்த ஆர் 4.5.0, அதே காலத்தில் வந்த ஜிசிசி 15 இரண்டும் சேர்ந்து பழைய கோடை நிறையவே உலுக்கியிருக்கின்றன.

சி++ ஃபைல்களில் எர்ரர், லெங்க்த், அலாக்வெக்டர் போன்ற மொட்டைப் பெயர்கள் இனி செல்லாது. ஆர்எஃப் முன்னொட்டும் அடிக்கோடும் சேர்த்த முழுப் பெயரைத்தான் எழுத வேண்டும். சி, சி++ இரண்டிலும் காலாக், ரீயலாக், ஃப்ரீ என்ற ஆரின் பழைய குறும்பெயர்கள் போய்விட்டன. ஆர் அடிக்கோடு முன்னால் சேர்த்தவைதான் உண்டு. பை மாறிலிக்கு எம்_பிஐ எழுதுங்கள். எடிட்டரில் தேடி மாற்றும்போது 'முழுச் சொல் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மாறிகளின் பெயருக்குள் இருக்கும் 'லெங்க்த்'தும் சேர்ந்து மாறிவிடும்.

சி கோடில் வருவது வேறு வகை. கம்பைலரில் சி23 இருந்தால் ஆர் 4.5 அதையே எடுத்துக்கொள்கிறது. சி23-இல் பூல், ட்ரூ, ஃபால்ஸ் மூன்றும் மொழியின் சொந்தச் சொற்கள். பழைய ஹெடரில் யாராவது பூலை டைப்டெஃப் செய்து வைத்திருந்தால் கம்பைலே ஆகாது. வெற்று அடைப்புக்குறி போட்டு அறிவித்த ஃபங்ஷனும் அப்படித்தான். முன்பெல்லாம் அதற்கு 'என்ன ஆர்கியுமென்ட் என்று சொல்லவில்லை' என்று பொருள், இப்போது 'ஆர்கியுமென்ட்டே கிடையாது'. ஆர்கியுமென்ட் கொடுத்து அழைத்தால் எர்ரர். கிளாங் 15 காலத்திலிருந்தே இதற்கு வார்னிங் வந்துகொண்டிருந்தது. ஆர்கியுமென்ட் இல்லாத ஃபங்ஷன் என்றால் அடைப்புக்குறிக்குள் வாய்டு எழுதுங்கள், இருந்தால் வகையோடு முழுதாக எழுதுங்கள். வேறொருவர் எழுதிய பழைய நூலகத்தை உள்ளே வைத்திருக்கிறீர்கள், தொட முடியாது என்றால், டெஸ்க்ரிப்ஷனில் சிஸ்டம்ரிக்வயர்மென்ட்ஸ் வரியில் யூஸ்_சி17 என்று போட்டு ஒப்பேற்றலாம். அது தற்காலிக ஏற்பாடுதான்.

ஆரையும் சி++-ஐயும் இணைக்கும் ஆர்சிபிபி பேக்கேஜின் ஆர்சிபிபி-எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் ஃபார்மட்-செக்யூரிட்டி வார்னிங் வந்தால் அந்த ஃபைலைக் கையால் திருத்தாதீர்கள், தானாக உருவாகும் ஃபைல் அது. ஆர்சிபிபியை 1.0.12 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்புக்கு ஏற்றி, கம்பைல்ஆட்ரிபியூட்ஸை மறுபடி ஓட்டினால் போய்விடும்.

அதே ஃபார்மட்-செக்யூரிட்டி வார்னிங் நான் எழுதுன கோடுலயே வருதுங்க. வெறும் வார்னிங்தானே, மேக்வார்ஸ்ல ஒரு ஃபிளாக் போட்டு மூடிட்டா என்னங்க?
— பின்னலாடை நிறுவனத் தரவுப் பிரிவு, திருப்பூர்

மூட முடியாது. வார்னிங்கை அடக்கும் ஃபிளாக்கை மேக்வார்ஸில் (கம்பைலருக்கான அமைப்பு ஃபைல்) போட்டால், 'எல்லா இடத்திலும் செல்லாத ஃபிளாக்' என்று செக் அதற்கே தனியாக ஒரு வார்னிங் தரும். ப்ராக்மா (கோடுக்குள்ளேயே கம்பைலருக்குத் தரும் கட்டளை) எழுதி அடக்கினாலும் அதைத் தேடிப் பிடிக்கவே ஒரு சோதனை இருக்கிறது.

உங்கள் ஊர்ச் சரக்கை வைத்தே பார்க்கலாம். துணி விவரம் ஒரு சரத்தில் வருகிறது, அதை அப்படியே ஆர்எஃப்_எர்ரருக்கோ ஆர்பிரின்ட்எஃபுக்கோ முதல் ஆர்கியுமென்ட்டாகக் கொடுக்கிறீர்கள். அந்தச் சரம் ஆங்கிலத்தில் எழுதிய '100% காட்டன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். சதவீதக் குறி, ஓர் இடைவெளி, அடுத்து சி எழுத்து. சி மொழிக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் 'ஓர் எழுத்தை அச்சிடு' என்ற ஃபார்மட் கட்டளை. அச்சிட வேண்டிய எழுத்தை நீங்கள் கொடுக்கவில்லை. கையில் கிடைத்த ரிஜிஸ்டர் மதிப்பை எடுத்து ஏதோ ஒரு குப்பையை அச்சிடும். சிக்கு பதில் எஸ்ஸில் தொடங்கும் சொல்லாக இருந்தால் அந்தக் குப்பையை முகவரியாக நினைத்துப் போய்ப் படிக்கும், ஆர் செஷனே விழலாம். சதவீதக் குறியும் எஸ் எழுத்தும் கொண்ட ஃபார்மட்டை முதலில் கொடுத்து, சரத்தை இரண்டாவதாகக் கொடுங்கள். வேலை அவ்வளவுதான்.

அதே ஃபைலில் ஸ்பிரின்ட்எஃப் இருந்தால் கையோடு எஸ்என்பிரின்ட்எஃபாக மாற்றிவிடுங்கள். பஃபரின் அளவைக் கொடுக்கும்போது பாயின்டரின் சைஸ்ஆஃபைக் கொடுத்துவிடாதீர்கள், அது எப்போதும் 8 பைட் என்றுதான் சொல்லும். வார்னிங்குகளை முழுதாகப் பார்க்க, செக் உருவாக்கும் ஃபோல்டரில் 00இன்ஸ்டால் என்று தொடங்கும் லாக் ஃபைலைத் திறங்கள். திரையில் வருவது சுருக்கம் மட்டும்.

முட்டை விலை பேக்கேஜ்ல டிபிளையர் உபயோகிக்கிறேன். பத்திப் பேர் ஒவ்வொண்ணுக்கும் 'நோ விசிபிள் பைண்டிங்' நோட் வருதுங்க.
— கோழிப்பண்ணை ஆலோசகர், நாமக்கல்

செக் உங்கள் கோடை ஓட்டிப் பார்த்துச் சொல்வதில்லை, படித்துப் பார்த்துச் சொல்கிறது. டேட்டா ஃபிரேமின் பத்திப் பெயர் அதற்கு எங்கும் வரையறுக்காத மாறியாகத் தெரிகிறது. டிபிளையர் என்றால் ஆர்லாங் பேக்கேஜிலிருந்து டாட்-டேட்டாவை இம்போர்ட் செய்து, பத்திப் பெயரை அதன் வழியாக எழுதுங்கள். யூடில்ஸில் உள்ள குளோபல்வேரியபிள்ஸும் நோட்டை நிறுத்தும். ஆனால் அங்கே பட்டியலிட்ட பெயரை நாளைக்கு வேறொரு ஃபங்ஷனில் தப்பாக எழுதினாலும் செக் வாய் திறக்காது. எனவே அது இரண்டாம்பட்சம்.

'நோ விசிபிள் குளோபல் ஃபங்ஷன்' என்று எஸ்டி, மீடியன் போன்றவற்றுக்கு வந்தால் அது வேறு கதை. ஸ்டாட்ஸ் பேக்கேஜிலிருந்து அவற்றை நேம்ஸ்பேஸில் இம்போர்ட்ஃப்ரம் செய்ய வேண்டும், டெஸ்க்ரிப்ஷனில் இம்போர்ட்ஸிலும் சேர்க்க வேண்டும்.

லினக்ஸ், விண்டோஸ் ரெண்டுலயும் டெஸ்ட் பாஸ் ஆகுதுங்க. எம்1 மேக்ல மட்டும் வேரியன்ஸ் தப்பா வருது.
— ஆராய்ச்சி மாணவர், கோபி

இன்டெல் வகை சிப்பில், லினக்ஸிலும் ஆர் பயன்படுத்தும் விண்டோஸ் கம்பைலரிலும், லாங் டபுள் என்பது 80 பிட். எண்ணின் இலக்கங்களுக்கு அதில் 64 பிட் கிடைக்கும். ஆப்பிள் சிப்பில் லாங் டபுளும் டபுளும் ஒன்றே, 53 பிட்தான். உங்கள் சி கோடு வர்க்கங்களைக் கூட்டி, அதிலிருந்து, சராசரியின் வர்க்கத்தை எண்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கழிக்கிறது. அங்கேதான் வழுக்குகிறது.

100000001, 100000002, 100000003 என்ற மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரி வேரியன்ஸ் 1 வர வேண்டும். வர்க்கங்களின் கூட்டல் 30000001200000014, கழிக்க வேண்டியது 30000001200000012. மிச்சம் 2, அதை 2-ஆல் வகுத்தால் 1. 80 பிட்டில் சரியாக வந்துவிடும். ஆனால் இந்த அளவுள்ள எண்களில் டபுளால் 4-இன் மடங்குகளை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். எனவே மிச்சம் 0 வரும் அல்லது 4 வரும், 2 வர வழியே இல்லை. வேரியன்ஸ் 0 அல்லது 2 ஆகிவிடும்.

இதற்கு டெஸ்டில் டாலரன்ஸை ஏற்றுவது தீர்வாகாது. முதல் சுற்றில் சராசரி, இரண்டாம் சுற்றில் விலக்கத்தின் வர்க்கம் என்று இரண்டு சுற்றாகக் கணக்கிடுங்கள். டேட்டாவை ஒருமுறைதான் படிக்க முடியும் என்றால் வெல்ஃபோர்ட் முறை இருக்கிறது.

கடைசி இலக்கத்தில் மட்டும் வித்தியாசம் வந்தால் அது கோளாறு இல்லை. அங்கே ஐடென்டிக்கலை எடுத்துவிட்டு ஆல்-ஈக்குவல் போடுங்கள். அதன் இயல்பான டாலரன்ஸ் சுமார் 0.000000015. திரும்பத் திரும்ப ஓடி ஓரிடத்தில் நிலைக்கும் கணக்குகளில், 'மாற்றம் பூஜ்யம் ஆனால் நிறுத்து' என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சிப்பில் நிற்கும், இன்னொன்றில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கிரான் பக்கத்துல 'கூடுதல் பிரச்சினை'ன்னு ஏசான் எர்ரர் காட்டுது. என்ற மெஷின்ல ஒரு தடவை கூட விழலைங்க.
— உதவிப் பேராசிரியர், சேலம்

ஏசான் என்பது நினைவகத்தில் எல்லை மீறுவதைப் பிடிக்கும் கருவி. நீளம் என் (n) உள்ள வெக்டரை, ஐ (i) பூஜ்யத்திலிருந்து 'என் வரை, என்னும் சேர்த்து' ஓடும் லூப்பில் படிக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ரிப்போர்ட்டில் ஹீப்-பஃபர்-ஓவர்ஃப்ளோ, ரீட், அளவு 8 என்று இருந்தால் ஒரு டபுளை எல்லை தாண்டிப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள். இன்டீஜர் என்றால் 4 இருக்கும். சாதாரணமாக ஓட்டும்போது எல்லைக்கு அப்பால் இருக்கும் ஏதோ ஒரு மதிப்பு வரும், புரோகிராம் விழாது, விடை மட்டும் சில நேரம் கெடும்.

ஒரு நுணுக்கம்: 128 பைட்டுக்கு உட்பட்ட, அதாவது 16 டபுள் வரையுள்ள சிறு வெக்டர்களை ஆர் தான் மொத்தமாக வாங்கி வைத்த பக்கங்களிலிருந்து பிரித்துக் கொடுக்கிறது. அதற்குள் நடக்கும் அத்துமீறல் ஏசானுக்குத் தெரியாமல் போகலாம். பத்து எண் வைத்து எழுதிய டெஸ்ட் பாஸாகி, கிரானில் மட்டும் மாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். நூறு, இருநூறு எண் வைத்துச் சோதியுங்கள். ஆர்-ஹப் தரும் கிளாங்-ஏசான் கன்டெய்னரில் பேக்கேஜை ஓட்டினால் அதே எர்ரரை உங்கள் மெஷினிலேயே வரவழைக்கலாம். டாக்கர் இல்லையென்றால் வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவியோடு ஆரைத் தொடங்கிப் பாருங்கள். மெதுவாக ஓடும், ஆனால் இந்த வகைப் பிழையைப் பெரும்பாலும் பிடித்துவிடும்.

எடுத்துக்காட்டு ஓட நேரம் அதிகம்னு ஒரு நோட், சிபியூ நேரம் 2.5 மடங்குன்னு இன்னொரு நோட். ரெண்டும் ஒண்ணுதானுங்களா?
— தென்னை ஆராய்ச்சி உதவியாளர், பொள்ளாச்சி

இல்லை. முதலாவது, ஓர் எடுத்துக்காட்டு 5 விநாடிக்கு மேல் ஓடினால் வருவது. டேட்டாவைச் சுருக்குங்கள். 'சோதிக்காதே' என்று குறிக்கும் டோன்ட்டெஸ்டுக்குள் ஒளித்து வைத்தும் பயனில்லை, ஆர் 4.0.0 முதல் --ஆஸ்-கிரான் போட்டால் அதையும் ஓட்டுகிறது. இரண்டாவது, பேக்கேஜ் இரண்டு கோருக்கு மேல் எடுப்பதால் வருவது. நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும் ஓபன்எம்பியோ டேட்டா-டேபிளோ பின்னால் கோர்களை எடுத்துக்கொண்டிருக்கும். எடுத்துக்காட்டிலும் டெஸ்டிலும் திரெட் எண்ணிக்கையை 2 என்று வரையறுங்கள்.

'தற்போதைய நேரத்தைச் சரிபார்க்க முடியவில்லை', 'புதிய சமர்ப்பிப்பு'ன்னு நோட் வருது. எப்படி நீக்கறதுங்க?
— கரூர் வாசகர்

இரண்டையும் விட்டுவிடுங்கள். முதலாவது வெளி சர்வர் பதில் தராததால் வருவது. இரண்டாவது முதல்முறை அனுப்பும் எல்லோருக்கும் வரும். ஊர்ப் பெயரை எழுத்துப்பிழை என்று காட்டினாலும் அப்படியே இருக்கட்டும், 'இது ஊர்ப் பெயர்' என்று கமென்ட்டில் ஒரு வரி போதும்.

குறிப்பிட்ட தேதிக்குள்ள சரி பண்ணலைன்னா பேக்கேஜை ஆர்கைவ் பண்ணிருவோம்னு மெயில் வந்திருக்குதுங்க. எங்கிருந்து ஆரம்பிக்கறது?
— உடுமலை வாசகர்

மெயிலில் உள்ள லிங்க்கில் எந்தக் கம்பைலர், எந்த ஆர் பதிப்பு என்று பார்த்து, அதே எர்ரரை முதலில் உங்கள் பக்கம் வரவழையுங்கள். வரவழைக்காமல் ஊகத்தில் திருத்தி அனுப்புவதுதான் பலரும் செய்வது. அது திரும்பி வந்தால் அந்த நாட்களும் வீண். சொன்னதை மட்டும் திருத்துங்கள், புது வசதி எதையும் இந்தப் பதிப்பில் சேர்க்க வேண்டாம். உங்கள் பேக்கேஜை நம்பி வேறு பேக்கேஜ்கள் இருந்தால் அவற்றின் செக்கையும் ஓட்டிப் பாருங்கள். பதிப்பு எண்ணை ஏற்றி அனுப்புங்கள். திரும்பி வந்து மறுபடி அனுப்பினாலும் எண் ஏற வேண்டும். ஆகஸ்டிலும் ஆண்டுக் கடைசியிலும் கிரான் சில நாட்கள் எதையும் வாங்காது. கெடு அதையொட்டி வந்தால், சமர்ப்பிக்கும் பக்கத்தில் போட்டிருக்கும் தேதியை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.