லினக்ஸ் போட்டதும் வைஃபை காணாமல் போனால்

கேள்வி: எங்கள் லேப்டாப் 2015இல் வாங்கியது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு அப்டேட் நின்றுபோனதால் அதை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். முன்பைவிட வேகமாக ஓடுகிறது. வைஃபை மட்டும் இல்லை. அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள்கூட வரவில்லை. வீடியோ பார்த்து, கட்டளைகள் அடிக்கும் டெர்மினல் திரையில் என்னென்னவோ அடித்தும் பலனில்லை. மறுபடியும் விண்டோஸையே போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். இது பெரும்பாலும் அரைமணி நேரத்தில் சரியாகிவிடும் கோளாறு.

அக்கம்பக்கத்துப் பெயர்கள்கூட வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. பெயர்கள் தெரிந்து, இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை என்றால் பாஸ்வேர்டையோ ரவுட்டரையோ பார்க்க வேண்டும். ஒரு பெயர்கூட வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் வைஃபை கார்டு அணைந்திருக்கிறது, அல்லது அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லை. அணைந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கீபோர்டின் மேல்வரிசையில் விமானப் படமோ டவர் படமோ போட்ட கீ இருக்கும். அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சில மாடல்களில் எஃப்என் கீயோடு சேர்த்து அழுத்த வேண்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால் டிரைவர்தான். டெர்மினலை மூடிவிடுங்கள். எந்தச் சிப் என்று தெரியாமல் கண்ட கட்டளையையும் அடித்தால் புதிய சிக்கல்தான் சேரும். மெனுவில் ‘சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்’ திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் ‘நெட்வொர்க்’ என்ற பகுதிக்குப் போங்கள். அந்தக் காலத்து லேப்டாப்களில் பிராட்காம் பிசிஎம்43142 என்ற சிப் நிறைய வந்தது. உங்களுடையதும் அதுவாக இருந்தால், டிரைவர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘டபிள்யூஎல்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டும். ‘என்/ஏ’ என்றோ ‘பிசிஎம்ஏ’ என்று தொடங்கும் வேறு பெயரோ இருந்தால் சரியான டிரைவர் ஏறவில்லை.

இதில் லினக்ஸின் குறை எதுவும் இல்லை. பிராட்காம் 2010இல் தன் சிப்கள் சிலவற்றுக்குத் திறமூல டிரைவர், அதாவது யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய நிரல் கொண்ட டிரைவர், வெளியிட்டது. 43142 அந்தப் பட்டியலில் வரவில்லை. அதற்கான டிரைவரின் மூலநிரல் முழுவதும் திறந்துவிடப்படாததால் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் அதைச் சேர்க்க முடியாது. நாமே தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க நெட் வேண்டும். பலரும் மனம் தளர்வது இந்த இடத்தில்தான். உங்கள் ஆண்ட்ராய்டு போனே போதும். கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதியில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் லேப்டாப்பில் இணையம் வந்துவிடும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் அதையே கடத்தித் தரும், டேட்டாவும் செலவாகாது. டெதரிங் பட்டன் மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் டேட்டா போகும் கம்பிகள் இருப்பதில்லை.

இனி அப்டேட் மேனேஜரை ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்துவிட்டு ‘டிரைவர் மேனேஜர்’ திறங்கள். பிராட்காம் டிரைவர் பட்டியலில் நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள்.

இங்கே நிதானம் வேண்டும். லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், அங்கீகாரமில்லாத மென்பொருளைத் தடுக்கும் ‘செக்யூர் பூட்’ ஆனில் இருந்தால், நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லலாம். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலத்திரை வரும். பத்து நொடி எண்ணிக்கை ஓடும். அதற்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தாவிட்டால் திரை போய்விடும், டிரைவரும் ஏறாது. கீயை அழுத்தியதும் வரும் மெனுவில் ‘என்ரோல் எம்ஓகே’, பிறகு ‘கன்டினியூ’, ‘எஸ்’ என்று போய், எழுதிவைத்த பாஸ்வேர்டை அடித்து ‘ரீபூட்’ கொடுங்கள். நீலத்திரையைப் பழுது என்று நினைத்து, பயந்து பவர் பட்டனை அழுத்துகிறவர்களுக்கு டிரைவர் நிறுவியும் வைஃபை வராது. பாஸ்வேர்டு கேட்கவே இல்லை, வைஃபையும் வரவில்லை என்றால் பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள்.

வைஃபை வந்த பிறகும் உங்கள் ரவுட்டரின் 5ஜி என்று முடியும் பெயர் மட்டும் தெரியாது. தேடி அலைய வேண்டாம். அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, இந்தச் சிப் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். ரவுட்டரின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் டபிள்யூபிஏ2க்கு மாற்றுங்கள். அடிக்கடி துண்டிப்பு வந்தால் மின்சேமிப்புதான் முதல் சந்தேகம். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருளின் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பு 3 என்று இருக்கும். அதை 2 ஆக்கினால் மின்சேமிப்பு அணைந்துவிடும்.

ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். இந்த டிரைவரை பிராட்காம் கடைசியாகப் புதுப்பித்தது 2015இல். அதன் பிறகு வந்த கெர்னல்களுக்கு ஏற்ப அதைத் திருத்திக் காப்பாற்றிவருகிறவர்கள் லினக்ஸ் தன்னார்வலர்கள். ஒரு கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை திடீரென்று போனால், லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஸ்கேப் கீயைத் தட்டி, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாகப் பழைய கெர்னலில் நுழையுங்கள். வைஃபை திரும்பிவிடும். திருத்தம் வரும்வரை அதிலேயே வேலை பார்க்கலாம்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்குங்கள். ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் உள்ளதற்கு டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. ஆனால் பெட்டியில் இருக்கும் மாடல் பெயரை நம்பி வாங்காதீர்கள். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் அடாப்டரின் முதல் வெர்ஷனில் இருந்தது அந்தச் சிப். இரண்டாம் வெர்ஷனில் ரியல்டெக் சிப்பை வைத்துவிட்டார்கள், மாடல் பெயர் மாறவில்லை. எந்த வெர்ஷன், என்ன சிப் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.