அம்மாவின் கதை எனக்குப் பாடம்

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. நான் வேலையால் வந்து செருப்பைக் கழற்ற முன்னமே 95இல் சண்டையால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்த கதையைத் தொடங்கிவிடுவா. எனக்கு அது வரிக்கு வரி பாடம். ஆனாலும், "நான் கதைக்கிறது ஒண்டையும் நீ கேக்கிறேல்லை" என்று கண் கலங்குகிறா. நான் எங்கே பிழை விடுகிறேன்?
- ஒரு மகள், கொக்குவில்

பதில்: தங்கச்சி, பாடமானதுதான் இடைஞ்சல். அடுத்த வரி தெரிந்துவிட்டால் மனம் குசினிக்கோ நாளைய வேலைக்கோ போய்விடும். அம்மா அதை உம்முடைய முகத்தில் கண்டுவிடுவா.

நானும் இந்தப் பிழையை விட்டவள். 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் அம்மாவும் அதற்குள் நின்றோம். மழை, இருட்டு, கால் வைக்க இடமில்லை. ஆனால் அம்மா பிறகு வருடக்கணக்காகச் சொன்னது பாலத்தை அல்ல, வீட்டுப் பசுவை. "கயித்தை அவிட்டு விட்டன், அது போகேல்லை" என்று நிறுத்துவா. நான் உடனே, "உயிர் தப்பினதே பெரிசு, விடுங்கோம்மா" என்பேன். எங்கட சனத்திடம் இந்தப் பழக்கம் நிறைய உண்டு. ஒருவர் துக்கம் சொன்னால் அதைவிடப் பெரிய துக்கத்தைக் காட்டி அடக்கிவிடுவோம்.

ஒருநாள் முருங்கையிலை உருவிக்கொண்டிருக்கும்போது, "போகாமல் என்ன செய்தது?" என்று கேட்டேன். அம்மாவின் கை நின்றது. "பின்னாலை படலை மட்டும் வந்தது. நான் கல்லெடுத்து எறிஞ்சனான் பிள்ளை."

அந்தக் கல்லைப் பற்றி அன்றுதான் முதன்முதல் கேள்விப்பட்டேன்.

அமெரிக்க உளவியலாளர்களான கார்ல் ரொஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957இல் எழுதியதும் இதைத்தான்: சொல்லோடு உணர்ச்சியையும் கேட்கவேண்டும். குரல் தடங்குவது, மூச்சு, கண், கை எல்லாவற்றையும் கவனிக்கவேண்டும். விளங்கியதை உம்முடைய சொல்லில் திருப்பிச் சொல்லி, சரியா என்று அவரிடமே கேட்கவேண்டும்.

முகம் கழுவி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, போனை மற்ற அறையில் வைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இரும். கால் மணித்தியாலம் போதும். கதை வழமையாக எந்த இடத்தில் நிற்கிறது என்று பாரும். அங்கே ஒரேயொரு சின்னக் கேள்வி, விசாரணைபோல அடுக்கவேண்டாம். அழுதால் அழட்டும். களைப்பென்றால், "சாப்பிட்டிட்டுக் கேக்கிறன் அம்மா" என்று சொல்லும், சொன்னபடி கேளும். சொன்னதையே மறந்து அதே மணித்தியாலத்துக்குள் திரும்பத் தொடங்கினால் மட்டும் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

கேள்வி: என்னுடைய மாமா நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை. தன்னுடைய மகன் கதைத்தால் மட்டும் பதில் சொல்கிறார். என்னில் வெறுப்போ?
- மருமகள், சாவகச்சேரி

பதில்: வெறுப்பென்று முடிவெடுக்க முன்னம் காதைச் சோதிப்பியுங்கோ. வயதால் வரும் செவிக்குறைவில் கீச்சான ஒலிகள்தான் முதலில் மங்கும். பெண்கள், சின்னப்பிள்ளைகளின் குரல் தெளிவாக விழாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக் இருக்கிறது. அதுவரை குசினிக்குள் நின்று கூப்பிடாமல், ரீவியை நிற்பாட்டி, அவருடைய கதிரைக்கு முன்னால் போய் முகம் பார்த்து ஆறுதலாகக் கதையுங்கோ. கத்தவேண்டாம், கத்தினால் சொல் இன்னும் குழம்பும்.