பதில்: கல்லடி ஈரமணலில டிடெக்டர் ஓயாமக் கத்துது

தம்பி, கனடாவில இருந்து அண்ணா கொண்டுவந்த உலோகம் தேடுற டிடெக்டர் மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில அலை அடிக்கிற இடத்துக்குப் போனாலே கத்துது, பழுதோ எண்டு கேட்டிருந்தீங்க. பழுதில்ல. உப்புத்தண்ணி ஊறின மணல் மின்சாரத்தைக் கடத்தும். ஒரே ஒரு அதிர்வெண்ணில மட்டும் வேலை செய்ற மெஷின் அதையும் உலோகமெண்டு எடுக்கும். சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) அரைவாசிக்குக் கீழ குறைங்க. கிரவுண்ட் பாலன்ஸ் (மண்ணால வாற சத்தத்தைக் கழிக்கிற செட்டிங்) இருந்தா அந்த ஈரமணலிலயே வைச்சு சரிசெய்ங்க. சுருளை (தரைக்கு மேல பிடிக்கிற வட்டத் தலையை) ஒரே உயரத்தில மெதுவா வீசுங்க, வீச்சின் முடிவில தூக்கினா மறுகாவும் கத்தும். அதுக்கும் அடங்காட்டி காய்ஞ்ச மணலுக்கு வாங்க. ஆக்கள் இருந்து கதைக்கிற இடம் அதுதான், மோதிரமும் சில்லறையும் அங்கதான் விழும்.

காந்தி பூங்காவில மாநகரசபையின்ட எழுத்து அனுமதி இல்லாமக் கிண்ட வேணாம். பொலிஸுக்கும் சொல்லி வைங்க, புதையல் தேடுறதா நினைச்சிருவாங்க. 1815 மார்ச் 2க்கு முந்தின பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தேடிக் கிண்ட தொல்பொருள் திணைக்கள உரிமம் வேணும்.

இதை மட்டும் மறக்காதீங்க: நம்மட மாவட்டம் 2017இல கண்ணிவெடி அற்றதெண்டு அறிவிச்சாலும், வெடிக்காத குண்டு எங்கயும் புதைஞ்சு கிடக்கலாம். பெரிய இரும்புச் சத்தம் கேட்டு, துருப்பிடிச்ச வளைவு தெரிஞ்சா தொடாதீங்க. தள்ளி வந்து பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு அடிங்க.